முன்பாய் பிடித்த செலின்

செலினுக்கு நீச்சல் தெரியும் என்பதே அவள் படகில் ஏறக் காரணமாயிற்று.

1931ஆம் வருஷத்து மழைக்காலம். ஹுசேன் சாகர் ஏரியின் சிக்கந்தராபாத் பக்கத்துக் கரையில் ஜூன் பிறந்தால் சனிக்கிழமைதோறும் பாய்ப்படகுப் பந்தயம் நடக்கும். கன்டோன்மென்ட் துரைமார்களின் படகுகள்தான் அதிகம். அவற்றோடு, ரயில்வேக்காரர்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்ட சின்னப் படகுகளும் சில உண்டு. லாலாகுடா ரயில்வே பட்டறையில் இயந்திரப் படம் வரைகிற வேலையில் இருந்த ஜெயகரனின் ‘மைனா’ அதில் ஒன்று. இரண்டு பேர் ஓட்டுகிற படகு. பின்னால் உட்காருபவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். முன்னால் உட்காருபவர் முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு சாயும்போது எதிர்ப்பக்க விளிம்பில் உடம்பைச் சாய்த்து எடை கொடுக்க வேண்டும். ஜெயகரனுக்கு முன்பாய் பிடித்துவந்த நடேசனைக் காஜிப்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள்.

செலின் அதே ரயில்வேயின் ஆபீசில் டைப்பிஸ்ட். ஒரு சனிக்கிழமை சிநேகிதிகளோடு வேடிக்கை பார்க்கப் போனவளிடம் ஜெயகரன் வந்து நின்றான்.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமாமே?”

“ஹவ், தெரியும். எதுக்கு?”

“கயிறு பிடிக்க ஆள் இல்ல. இன்னைக்கு ஒரு நாள் வாரீங்களா?”

சிநேகிதிகள் சிரித்தார்கள். செலின் செருப்பைக் கழற்றி அவர்களிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். கிளப் காரியதரிசி விதிகளைப் புரட்டிப் பார்த்தார். பெண்கள் ஏறக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்றைக்கு மைனா கடைசியாக வந்தது. கரையேறியதும் செலின் கேட்ட முதல் கேள்வி, “அடுத்த வாரமும் உண்டா?”

அப்படித்தான் பழக்கமானார்கள். ஆபீசிலும் கரையிலும் ஒருவருக்கொருவர் ‘நீங்க’. தண்ணீரில் அந்த மரியாதைக்கு நேரமில்லை. “இழு.” “விடு.” “திரும்பப் போறேன், தலைய குனி.” முதல் மாதத்திலேயே அவன் வாயில் ‘நீ’ வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. படகு கரையைத் தட்டியதும் இருவரும் மறுபடி ‘நீங்க’ ஆகிவிடுவார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. வாரத்தின் மற்ற நாட்களை அந்த ஒரு எழுத்துக்காகத்தான் கழித்தாள் என்று செலின் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

மூன்றாவது மழைக்காலத்தில், காற்று விழுந்து எல்லாப் படகுகளும் நடு ஏரியில் அசையாமல் நின்ற ஒரு மத்தியானம், அவன் கேட்டான்.

“செலின், ஒங்க அப்பாட்ட வந்து பேசுதேன். பேசட்டுமா?”

அவள் திரும்பாமலே, “பேசு” என்றாள்.

ஆரோக்கியசாமி ரயில்வே கார்டு, கத்தோலிக்கர். ஐந்து மணிப் பூசையைத் தவறவிடாதவர். மனைவி போன பிறகு மாரெட்பள்ளி வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். ஜெயகரனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பேச்சையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“தம்பி, உங்க மேல ஒரு குறையும் இல்ல. நம்ம வேதத்துக்கு வந்துடுங்க. நாளைக்கே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்.”

ஜெயகரன் பாளையங்கோட்டைப் புராட்டஸ்டண்ட், அவன் தாத்தா அங்கே சபை குருவானவராக இருந்தவர். “எங்கம்மா உயிரோட இருக்குறவரைக்கும் அது முடியாதுய்யா” என்றான். அவன் அம்மாவோ, சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி கொளுத்துகிற வீட்டிலிருந்து பெண் எடுத்தால் நான் கிணற்றைத்தான் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவன் சொன்னபோது முடியாது என்றது செலின்தான். அப்படிச் செய்தால் கோயிலில் அப்பா தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அவருக்கு அந்தக் கோயிலையும் அவளையும் விட்டால் வேறு எதுவும் இல்லை. படகுக் கொட்டகையின் சுவரோரமாக நின்று அவள் இதைச் சொல்லி முடித்தாள். ஜெயகரன் வெகுநேரம் ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“சனிக்கிழமை வருவீங்களா?” என்று கடைசியில் கேட்டான்.

“வரேன்.”

ஊர் பேசியது. ஆரோக்கியசாமி மட்டும் தடுக்கவில்லை. கேட்டவர்களிடம், “ஊரே கரையில நின்னு பார்க்குது. அதுல என்ன தப்பு நடந்துடும்? நக்கோ, அந்தப் பேச்சு வேண்டாம்” என்று முடித்துவிடுவார். அவருக்கும் மனசுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமை சமையலை அவரே செய்துவிடுவார்.

இப்படியே வருஷங்கள் போயின. மைனா இப்போது கடைசியாக வருவதில்லை. நாலாவது, மூன்றாவது என்று முன்னேறியிருந்தது. மேற்கே வானம் கறுத்து, தண்ணீர் மேல் காற்று கோடு கிழித்துக்கொண்டு வருவதை அவள் முதலில் பார்த்துச் சொல்வாள். அவன் சுக்கானைத் திருப்புவதற்கு முன்பே அவள் உடம்பு விளிம்புக்குப் போய்விடும். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருவருக்குமே பெரிதாக இருக்கவில்லை. பந்தயம் முடிந்து கரைக்குத் திரும்புகிற வழியை எவ்வளவு சுற்றலாக்க முடியுமோ அவ்வளவு சுற்றலாக்கினான் அவன். அவளும் எதுவும் கேட்கமாட்டாள்.

1937இல் ஜெயகரனுடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். கண் மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மே மாதம் ஊருக்குப் போனவன் ஹில்டாவை அழைத்துக்கொண்டு திரும்பினான். ஆபீசில் எல்லாருக்கும் இனிப்பு வந்தது. செலின் தன் பங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டைப் அடித்தாள்.

ஜூலையில் அந்த வருஷத்தின் பெரிய பந்தயம். ஹில்டா கரையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது இருபது வயசுப் பெண். ஊர் புதுசு, பாஷை புதுசு. யார் பேசினாலும் எழுந்து நின்றாள்.

காற்று பலமாக இருந்தது. மைனா இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது முன்னால் ஒரே ஒரு படகுதான் இருந்தது. செலின் விளிம்பில் முழுக்கச் சாய்ந்திருந்தாள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“கொஞ்சம் பின்னால வாங்க.”

சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். ஜெயகரன் அவளைப் பார்க்கவில்லை. பாயின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பின்னால வாங்க, செலின். முன்னாடி பாரம் அதிகமா இருக்கு.”

அவள் பின்னால் நகர்ந்தாள். கயிறு கையில் இருந்தது. இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்தாள், விட வேண்டிய நேரத்தில் விட்டாள். அன்றைக்குத்தான் மைனா முதல் முறையாக ஜெயித்தது. கரையில் கைதட்டினார்கள். ஹில்டா தேநீரை ஊற்றி முதல் கோப்பையைச் செலினிடம் நீட்டி, “குடிங்கக்கா, நனைஞ்சிட்டீங்க” என்றாள்.

கொட்டகையில் பாயை மடிக்கும்போது செலின் சொன்னாள்: “இனிமே நான் வரல. வேற ஆள் பார்த்துக்குங்க.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. “சரி” என்றான். பாயின் ஒரு முனை அவன் கையிலும் மறு முனை அவள் கையிலும் இருந்தது. இருவரும் ஒழுங்காக மடித்து முடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஜெயகரன் யார் யாரையோ கூட்டிக்கொண்டு ஓட்டினான். செலின் சனிக்கிழமைகளில் வீட்டில் துணி தைத்தாள். யுத்தம் வந்தது. 1941இல் ரயில் பாதை போட ஈராக்குக்கு ஆள் எடுத்தபோது அவன் பெயர் கொடுத்தான். புறப்படுவதற்கு முன் ஆபீசுக்கு வந்து மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டான். அவள் மேஜைக்கும் வந்தான். “போயிட்டு வாரேன்.” “பத்திரமா போயிட்டு வாங்க.” அவ்வளவுதான். மறு வருஷம் பஸ்ராவில் விஷக்காய்ச்சலில் இறந்துபோனான்.

செய்தி வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹில்டா மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குக் கிளம்ப இருந்தாள். பிள்ளை இல்லை.

“அக்கா, நாலு வருஷம் கூட இருந்தேன். நல்லாத்தான் வச்சிருந்தாங்க, ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா பேச மாட்டாங்க. ஒங்ககூட இருந்தப்ப பேசியிருப்பாங்கல்லா? எதாச்சும் சொல்லுங்களேன். நான் கொண்டுட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

செலின் யோசித்தாள். ஆறு வருஷப் பேச்சு முழுவதையும் மனசுக்குள் தேடினாள். இழு, விடு, குனி, காத்து வருது, பொறு. இதை எப்படி இந்தப் பெண்ணிடம் எடுத்துக் கொடுப்பது?

“வா, ஏரிக்குப் போவோம்” என்றாள்.

மைனா கொட்டகையில்தான் கிடந்தது. செலின் ஒருநாளும் சுக்கான் பிடித்தவள் இல்லை. ஹில்டாவை முன்னால் உட்காரவைத்துத் தான் பின்னால் உட்கார்ந்தாள். மெல்லிய காற்று. படகு நகர்ந்ததும் ஹில்டா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பின்கழுத்தில் முடி கலைந்து பறந்தது. இடது தோள்பட்டை பயத்தில் கொஞ்சம் தூக்கியிருந்தது.

அப்போதுதான் செலினுக்கு உறைத்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் அவள் பார்த்தது ஏரியையும் வானத்தையும்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை. ஒவ்வொரு சனிக்கிழமையும், அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்ற தைரியத்தில், அவன் இஷ்டத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் கண்ணை நீர் மறைத்தது. சுக்கான் தடுமாறிப் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல, காத்து. ஹில்டா, அவர் தண்ணியில இருக்கும்போது பாட்டை முணுமுணுத்துட்டே இருப்பார். கீர்த்தனைதான். ஸ்ருதியே சேராது.”

ஹில்டா திரும்பினாள். “பாடுவாங்களா?”

“ஹவ். எப்பவும்.”

ஹில்டா சிரித்தாள். பிறகு தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதாள். படகைக் கரைசேர்க்கத் தெரியாமல் செலின் கல்லில் கொண்டுபோய் மோதினாள்.

ஆரோக்கியசாமி 1946 வரை இருந்தார். கடைசி மாதங்களில் பேச்சு முன்னும் பின்னுமாகப் போயிற்று. ஒரு நாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்தப் பாளையங்கோட்டைப் பையன் நல்ல பையன்மா. கட்டி வச்சிருக்கலாம்.”

மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னார். செலின் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

“கஞ்சி ஆறுது. குடிங்கப்பா.”

அவர் குடித்தார். கிண்ணம் காலியானதும் அவள் அதைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போய்க் கழுவினாள். கழுவிய கிண்ணத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ஆபீசுக்கு நேரமாகிறதே என்று பக்கத்து வீட்டு நாகம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கும்வரை.