ஓட்டுநர் மிக்கேலம்மாள்

கழுத்தில் தொங்கும் சந்தைக் குழு அட்டையின்படி, மிக்கேலம்மாள், வயது ஐம்பத்திரண்டு, ‘நடமாடும் உணவக உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்’. உண்மையில் அவர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மகள் பிளசி செல்போனில் விண்ணப்பத்தை நிரப்பியபோது, ஓட்டுநர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. “உம் பேரையே போட்டுட்டேம்மா” என்று முடித்துவிட்டாள். வண்டி ஓட்டுவது கணவர் சின்னப்பன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரம் ஞாயிறுதோறும் கூடுகிற சிறு சந்தை அது. ஆறு உணவு வண்டிகள். ஒயர் கூடை, மண் பொம்மை, சணல் பை விற்கும் பத்துப் பன்னிரண்டு கடைகள். அருவிக்குப் போகும் பெங்களூர் கார்கள் களி எங்கே என்று கேட்டு நிற்கும். களியே தின்று வளர்ந்த உள்ளூர் ஜனம் மோமோ வண்டியை மொய்க்கும். மிக்கேலம்மாளின் கேழ்வரகுக் களி இரண்டு மணிக்குள் தீர்வதற்குக் கைப்பக்குவம் பாதிக் காரணம், புளியமரம் மீதி. நிழல் இல்லாத இடத்தில் சுடச்சுடக் களியை உருட்டி விழுங்க யார் உட்காருவார்கள்?

அந்தப் புளியமரத்தடி இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சிலர் அட்டையை வாங்கி இடத்தை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று புகார். அட்டைக்குரியவரே வண்டியை நகர்த்திக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் காலி என்றது சந்தைக் குழு. செயலாளர் குப்புராஜ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பட்டியலோடு வந்து நின்றார். வண்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்த அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது.

“நான் எடுக்கட்டுங்களா சார்?” என்றார் சின்னப்பன்.

“உங்க பேரு அட்டையில இல்லீங்களே.”

“அவளுக்கு என்னை ஓட்டத்தான் தெரியும், வண்டிய இல்லீங்க.”

“வாய மூடிட்டு நியூட்ரல்ல போடு” என்றார் மிக்கேலம்மாள், கிண்டுவதை நிறுத்தாமல். பிறகு குப்புராஜைப் பார்த்தார். “சார், இந்தக் கிண்டுற கட்டையப் புடிங்க. கைய நிறுத்துனீங்கன்னா களி கட்டி கட்டிப்போயிரும்.”

விதிகளில் இதற்கு இடமில்லை. ஆனால் குப்புராஜ் களி தின்று வளர்ந்த பாப்பாரப்பட்டிக்காரர். கொதிக்கும் களியைக் கிண்டாமல் விட்டுவிட்டு நிற்க அவரால் ஆகாது. பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கிண்டினார்.

ஒயர் கூடைக்கார மலர்விழி, சின்னப்பன், சாப்பிட வந்த பெங்களூர்ப் பையன்கள் மூவர் எல்லோரும் பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி நிழலுக்குள்ளேயே முன்னால் நகர்ந்தது.

“இஞ்சினே போடலியேம்மா, இது ஓட்டுனதுல சேருமா?” என்றார் குப்புராஜ்.

“அட்டைக்காரங்க நகத்தோணும்னுதானுங்களே சொன்னீங்க? நகந்துச்சுங்களா இல்லீங்களா?”

குப்புராஜ் ஒரு கையால் கிண்டியபடியே, பட்டியலைத் தொடையில் வைத்து மறு கையால் டிக் போட்டார். மிக்கேலம்மாள் சட்டியை எட்டிப் பார்த்தார். “ரெண்டு எடத்துல கட்டி இருக்குதுங்க சார்.”

அன்று மிக்கேலம்மாள் செய்தது இவ்வளவுதான்: ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கைபிரேக்கை எடுத்தார், பத்தடி போனதும் திரும்பப் போட்டார், இறங்கி வந்து களியைக் கிண்டினார்.