ஷோபனாவின் வெங்காய மூட்டை

போர்ட் பிளேரில் சம்பளம் வாங்குபவரைப் பார்த்து யாராவது பொறாமைப்பட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான், அங்கே ஹேடோ பகுதியில் ஒரு பெண்கள் விடுதியில் தோழி ஷோபனாவோடு ஒண்டிக்கொண்டிருந்தேன். அவள் பி.காம். முடித்துக் கப்பல் சரக்கு ஏஜென்ட் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடுதியில் சமைக்கக் கூடாது. சம்பளத்தில் பாதி ஓட்டலுக்கே போனது. அந்தச் சாம்பாரிலும் காய் இருக்காது.

சமையலறையோடு தனி அறை கிடைத்தால் தாக்குப்பிடிக்கலாம். இல்லாவிட்டால் ஹேவ்லாக் தீவுக்கே வந்துவிடு என்று அவள் அப்பா நச்சரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு வைஜெயந்தி அக்கா வீட்டு மாடி காலியானது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் தர வேண்டும். ஷோபனா டீயைக்கூட நிறுத்திப் பணம் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த வாரம் புயலால் சென்னைக் கப்பல் கிளம்பவில்லை என்று அவள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. கப்பல் தாமதித்தால் இங்கே காய்கறி விலை எகிறும். ஷோபனா அட்வான்ஸ் பணத்தில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிக் கட்டிலடியில் தள்ளினாள்.

"பைத்தியமாடீ? அடுப்பே இல்ல, மூட்ட எதுக்கு?"

"பாதிய வித்தாலே அட்வான்ஸ் திரும்பிடும். மீதிய நாம திங்கலாம். மெயின்லேண்ட் பூரா சுத்தினியே, கணக்கு மட்டும் கத்துக்கலையா?"



தகவல் அவளுக்கு மட்டுமா வந்தது? ஹேடோ முழுக்கத் துறைமுக வேலைக்காரர்கள். விற்கக் கதவு கதவாகத் தட்டினோம். எல்லார் வீட்டிலும் மூட்டை நின்றது. சனிக்கிழமை புயல் திசைமாறிக் கப்பல் கிளம்பிவிட்டது. அந்தச் செய்திக்கே விலை இறங்கியது.

"பாதி அட்வான்ஸுக்கு வெங்காயமா எடுத்துக்கங்கக்கா," என்று ஞாயிறன்று ஷோபனா கெஞ்சினாள்.

"அட போம்மா! எங்கிட்டயே ரெண்டு மூட்ட முளைவிட்டுக் கெடக்கு. ஸ்கூபா டைவிங் பசங்க கேஷோட நிக்கிறாங்க," என்றார் வைஜெயந்தி அக்கா.

மாடி போயிற்று. விடுதிப் பெண்கள் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள். மறுநாள் காலை ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் மூட்டையை ஹேவ்லாக் படகில் ஏற்றினோம். அவள் அப்பா அங்கே ரிசார்ட்டுகளுக்குக் காய் போடுகிறவர்.

"க்யா தீதி, வீடு ஷிஃப்டிங்கா?" என்று படகு ஊழியர் சிரித்தார்.

ஷோபனாவின் அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார். "நீயும் ஏறி வந்துடும்மா. ரிசார்ட்ல வேல இருக்கு, சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் ஃப்ரீ."

"மூட்ட மட்டும் வருதுப்பா. எறக்கிக்கங்க," என்றாள் ஷோபனா.

ஓட்டலுக்குப் போனோம். பூரித் தட்டின் ஓரத்தில் பச்சை வெங்காயம் நறுக்கி வைத்திருந்தார்கள். ஷோபனா அதை என் தட்டுக்குத் தள்ளினாள்.

"அடுத்த மாசம் டீயோட பூரியும் கட்," என்றாள்.