மாமாவுக்காக நான் பேசியது

நாலாம் வகுப்பில் பழைய காலத்துச் சமூகம் ஒன்றைப் பற்றிப் படித்து வந்து வகுப்பில் பேச வேண்டும் என்றார் ரீச்சர். எந்தச் சமூகம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். எனக்கு எகிப்து வேண்டும், மம்மிகளுக்காக. எனக்கு வந்ததோ இன்கா. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வீட்டில் ஒற்றைப் பிள்ளை, கேட்டது கிடைக்காவிட்டால் அழுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ரீச்சர் குனிந்து, இன்காக்களிடமும் மம்மிகள் உண்டு, அவற்றைப் பூட்டி வைக்காமல் வீட்டு மனிதரைப் போலக் கூடவே வைத்திருந்தார்கள் என்றார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நூலகத்திலிருந்து ஒரு தடித்த படப் புத்தகம் எடுத்து வந்தேன். ஒரு வாரம் ரூஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் என் வாய் ஓயவில்லை. இன்கா ராசா செத்தாலும் ராசாதான், அவருடைய அரண்மனையும் நிலமும் அவருக்கே. அவரை உட்கார்ந்தபடி வைத்து, நல்ல உடுப்பு உடுத்தி, திருவிழாவில் வெளியே தூக்கி வருவார்கள். அவர் முன்னால் சாப்பாட்டை எரிப்பார்கள், சோளத்தில் செய்த பானத்தை ஊற்றுவார்கள். யாராவது குடிக்கும்போது முதலில் பூமித்தாய்க்கு ஒரு சொட்டு. ராசாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் ஆள் பக்கத்தில் இருப்பார், ராசாவின் பதிலை அவர்தான் சொல்லுவார்.

"சிவ சிவா, பிணத்துக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுறதோ? வாயைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு" என்றார் அம்மா. உருளைக்கிழங்கு அந்த மலைச் சனம் உலகத்துக்குத் தந்தது என்று சொன்னபோது மட்டும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். தட்டில் கிழங்குக் கறி இருந்தது. "அப்ப நல்ல சனம்தான்" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

மாமி மட்டும் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமி என்றால் அம்மாவின் அண்ணாவுடைய மனைவி. எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஓர் அறையில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. விடியற்காலையில் ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போய் மத்தியானம் தாண்டி வருவார், வரும்போது எனக்கென்று மட்டும் ஒரு பன் கொண்டு வருவார். பெரிய வட்டப் பொட்டு வைப்பார், ஐந்து சதக் காசளவு. மாமாவை நான் பார்த்ததில்லை. ஊரில் போர் முடிந்த நாட்களில், சனமெல்லாம் நடந்து வெளியேறிய இடத்தில், ஆமிக்காரரிடம் பெயர் பதியப் போனவர். திரும்பி வரவில்லை. செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவுமில்லை, இருக்கிறார் என்று சொல்லவுமில்லை. அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.

இதை வைத்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு வைகாசியும் ஒரு சண்டை. அம்மாவுக்குத் தன் அண்ணாவுக்கு ஒரு திவசம் செய்ய வேண்டும், படத்துக்கு மாலை போட்டு நாலு கறியோடு படைக்க வேண்டும். கூடப் பிறந்தவர் ஒருபிடி சோறு இல்லாமல் அலைகிறார் என்று அம்மா நினைத்தார். மாமி ஒரே ஒரு பதில்தான் சொல்லுவார். "வரப்போற மனுசனுக்கு ஆரும் படைப்பினமோ, மச்சாள்?" அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார். மாமாவின் படம் மாலையில்லாமல், விளக்கில்லாமல், என் பள்ளிக்கூடப் படங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெரிய ஆட்கள் சண்டை பிடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், அது நமக்குரியதில்லை என்று விட்டுவிட்டேன். என் புத்தகத்தில் உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள். சுவரில் தொங்குகிற, ஒருநாளும் போன் எடுக்காத மாமாவை நான் இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டேன். நீங்கள் நம்புவீர்களோ தெரியாது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும். சனிக்கிழமை ஒத்திகை. அம்மாவும் அப்பாவும் மார்க்கம் பக்கத்துக் கடைகளுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். எனக்கு ஒரு ராசா தேவைப்பட்டது. பேஸ்மென்டுக்குப் போய் மாமியின் சூட்கேசைத் திறந்தேன். அதில் ஒரு பிளாஸ்டிக் பையில் மாமாவின் நீல நிறச் சேட் இருப்பது எனக்குத் தெரியும். பதியப் போகும்போது மாமா தன் பையை மாமியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் போனாராம், அதிலிருந்த சேட். மாமி அதைத் தோய்ப்பதில்லை. சிலவேளை எடுத்து மடியில் வைத்திருப்பார்.

சேட்டை ஒரு கதிரையின் முதுகில் மாட்டிப் பொத்தான் பூட்டினேன். சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கழுத்துக்கு மேலே சாய்த்து வைத்தேன். என் பிறந்தநாள் தொப்பியில் மஞ்சள் கடதாசி ஒட்டிக் கிரீடம் செய்து படத்தின் மேல் வைத்தேன். முன்னால் ஒரு தட்டில் அவித்த சோளம், நேற்றைய சோறு, கிழங்குக் கறி. சோளப் பானத்துக்கு நான் எங்கே போவது? தோடம்பழ யூஸ்தான். பூமித்தாய்க்கு ஒரு சொட்டு கார்ப்பெட்டில் ஊற்றினேன். ஒரு சொட்டுக்குக் கொஞ்சம் கூடவே விழுந்துவிட்டது. என் குறிப்புகள் எழுதிய மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அப்போது மாமி வேலையால் வந்து படியிறங்கினார். தலையில் பேக்கரி வலைத்தொப்பி, கையில் என் பன். கதிரையைக் கண்டதும் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

சூட்கேசைத் திறந்ததற்கு ஏச்சு விழப்போகிறது என்று நான் முந்திக்கொண்டேன். "மாமி, இப்ப மாமாதான் கிங். நீங்கள் என்ன கேட்டாலும் மாமாக்காக நான் ஆன்ஸர் பண்ணுவன். இன்காக்கள் அப்பிடித்தான்."

மாமி ஏசவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். சேட்டைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார். "உயிரோட இருக்கிற ஆக்களுக்கும் உப்பிடிச் செய்வினமோ, பிள்ளை?"

"இல்லை மாமி. செத்த ஆக்களுக்கு மட்டும்தான்." என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல!

மாமியின் கையிலிருந்த கடதாசிப் பை கசங்கும் சத்தம் கேட்டது. விளையாட்டு முடிந்துவிட்டதாக்கும் என்று நான் தொப்பியைக் கழற்றப் போனேன்.

"கேள்" என்றார் மாமி. "என்னோட கோவமோ எண்டு கேள்."

கேள்வி வந்ததில் எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. கதிரையின் பக்கம் குனிந்து காதுகொடுப்பதுபோல நின்றேன். பிறகு மட்டையைப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு இருந்தது: கவனிக்காமல் விட்ட முன்னோர் கோபப்படுவார்கள்.

"ஓம். கோவம்தானாம்."

"ஏனாம்?"

"இவ்வளவு காலமும் நீங்கள் சாப்பாடு வைக்கேல்லையாம். பசியாம்."

மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு எழுந்து வந்து, தட்டிலிருந்த பழைய சோற்றைப் பார்த்து, "இதையோ அவருக்கு வைச்சனீ?" என்று கேட்டார். தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

அம்மா வந்தபோது மாமி வலைத்தொப்பியோடு அடுப்படியில் நின்றார். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கைக்காய், அப்பளம் எல்லாம் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. என்ன விசேசம் என்று அம்மா கேட்டார்.

"இண்டைக்கு இவருக்குப் படைப்பம், மச்சாள்" என்றார் மாமி, திரும்பாமலே.

அம்மா சாமான் பைகளோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எட்டு வருடமாகக் கேட்டது கிடைத்தும் அம்மா குழறி அழுதார். "என்ர அண்ணை, என்ர அண்ணை" என்று தலையில் அடித்தார். மாமி கறியைக் கிண்டிக்கொண்டே அழுதார், கரண்டியை விடவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கார்ப்பெட்டில் ஊற்றிய யூஸ் என்று நான் நினைத்துக் கட்டிலுக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாமி மேலே வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டிருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"மாமி, பொட்டு வைக்க மறந்திட்டீங்கள்" என்றேன். அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார், குளிரில், செருப்பில்லாமல்.

வகுப்பில் எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தச் சனிக்கிழமையிலிருந்து மாமி நாள் தவறாமல் மாமாவின் படத்துக்கு முன்னால் சுடச்சுடச் சாப்பாடு வைக்கிறார். யூனியன்வில்லில் கலியாணமோ, மார்க்கத்தில் பிறந்தநாளோ, பாதியில் எழும்பிவிடுவார். "அவருக்குப் பசிக்கும், நான் போகவேணும்." பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இப்போது கார் ஓட்டுகிற வயதில் நான்தான் காரை எடுத்து வருவேன்.

போன மாரியில் அப்படி ஒருநாள் மாமியை வீட்டில் இறக்கிவிட்டு அம்மாவோடு கலியாண மண்டபத்துக்குத் திரும்பும்போதுதான் எனக்கு விசயம் தெரிய வந்தது. பசி, பசி என்று இவ்வளவு பயப்படுகிறாரே என்று கொஞ்சம் எரிச்சலோடு சொன்னேன். அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணை பதிய மாட்டன் எண்டுதான் நிண்டவராம். மாமிதான், ஒளிச்சா இன்னும் பிரச்சினை, போய்ப் பேரைக் குடுத்திட்டு வாங்கோ, விட்டிடுவாங்கள் எண்டு அனுப்பினவ. பையையும் தான் வாங்கி வைச்சிருந்தவ."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே அல்ல. தான் அனுப்பிய மனிதரிடம், 'என்னோட கோவமோ' என்று எட்டு வருடம் கேட்க ஆளில்லாமல் இருந்து, கடைசியில் ஒரு சின்னப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், எனக்கு அது ஒரு கஷ்டமும் இல்லை. நான் மட்டையைப் பார்த்து வாசித்தேன்.