வியாழக்கிழமைத் தேதியிட்ட ஆணை

அலுவலகத்தில் அவளைக் ‘காரணம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். உரிமப் பிரிவில் பதினோரு வருடமாக எழுத்தர். ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டுமா, கோப்பை அவளிடம் தள்ளிவிட்டால் போதும். மறுபேச்சுக்கு இடமில்லாமல் காரணங்களை அடுக்கி ஆணை எழுதித் தந்துவிடுவாள். பக்கத்துப் பிரிவுக்காரர்கள்கூட அவளுடைய பழைய ஆணைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதினார்கள். அவளுக்குத் தலைக்கனம் வராமல் வேறு யாருக்கு வரும்?

அந்தத் தலைக்கனத்தோடுதான் நாற்பத்து நான்கு வயதில் மாலை நேரச் சட்டக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். “இப்பவே உன்கிட்ட வாயக் குடுத்து மீள முடியல, இதுல சட்டம் வேறயா?” என்றார் பேருந்து ஓட்டுகிற கணவர். மூன்றாம் வருடம் நிர்வாகச் சட்டம் வந்தது. தினமும் செய்கிற வேலைதானே, இதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் பேராசிரியை சொன்னார்: “எந்த கவர்மென்ட் ஆபீஸா இருந்தாலும் சரி, முதல்ல கேக்கணும், அப்புறம் முடிவு பண்ணணும். முடிவு பண்ணிட்டுக் கேக்கறது கேக்கறதே இல்ல.”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

ஏனென்றால் உரிமப் பிரிவின் பெருமையே ‘விசாரணை நாளன்றே ஆணை’ என்பதுதான். மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்கும் விசாரணை வியாழக்கிழமை. ஆணை திங்கட்கிழமையே தட்டச்சாகி, வியாழக்கிழமைத் தேதியோடு கோப்புக்குள் தயாராக இருக்கும். வந்தவர் அதிகாரியிடம் பேசிவிட்டுப் படி இறங்குவதற்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். ஜனங்களை இரண்டு தடவை அலையவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் யாரோ எப்போதோ தொடங்கிவைத்த ஏற்பாடு. அதைத் தப்பென்று ஒருவரும் நினைத்ததில்லை, அவள் உட்பட.

அந்தத் திங்கட்கிழமையும் ஒன்று எழுதியிருந்தாள். வீட்டின் கீழ்த்தளத்தில் பதினெட்டுக் குழந்தைகளை வைத்துக் காப்பகம் நடத்தும் ஒரு பெண்மணியின் உரிமம் புதுப்பிக்கும் மனு. வெளியேற ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது என்று ஆய்வாளர் அறிக்கை கொடுத்திருந்தார். அது போதாதா? நிராகரிப்பு ஆணை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

புதன்கிழமை முழுவதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்தாள், மூடினாள். தாகமே இல்லாமல் நாலு தடவை தண்ணீர் குடிக்கப் போனாள். வீட்டிலும் அதே கதைதான். “அம்மா, உப்பக் கையில வச்சுட்டே நிக்கற, போட மாட்டேங்கற,” என்றாள் மகள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பாடத்தின் மேல் எரிச்சல், பேராசிரியையின் மேல் எரிச்சல், பேசாமல் தையல் வகுப்புக்குப் போயிருக்கலாம் என்ற எரிச்சல்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் காப்பகத்துக்காரம்மா வந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். குறிப்பெடுக்கக் காரணம் அக்கா பக்கத்தில் அமர்ந்தாள். அந்தம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலு புகைப்படங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

“பின்பக்கச் சுவத்த இடிச்சு இன்னொரு கதவு வச்சுட்டேன் சார். போன வாரம்தான் வேலை முடிஞ்சது. இது உள்ளேருந்து எடுத்தது, இது வெளியிலேருந்து. குழந்தைங்களே தள்ளித் திறக்கலாம் சார்.”

அதிகாரி ஒவ்வொரு படமாகப் பொறுமையாகப் பார்த்தார், தலையாட்டினார். “சரிம்மா, கீழ போய் உக்காருங்க. ஆர்டர் வந்துடும்.”

காரணம் அக்கா கோப்பைத் திறந்தாள். ஆணையின் கடைசிப் பத்தி அவளைப் பார்த்தது. ‘மனுதாரர் நேரில் கூறியவை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. அவை ஏற்கத்தக்கவையாக இல்லை.’ அவள் சொந்தமாக உருவாக்கிய பத்தி. எந்தக் கோப்பிலும் கச்சிதமாகப் பொருந்தும்.

குறிப்புத் தாள்களில் முன்கூட்டியே பக்க எண் போட்டிருக்கும். எழுதியதைக் கிழித்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். அது தெரிந்தே பேனாவை எடுத்தாள். ‘வரைவு ஆணை திங்கட்கிழமை தயாரிக்கப்பட்டது. மனுதாரர் இன்று தெரிவித்த இரண்டாவது வாசல் பற்றி அதில் எதுவும் இல்லை. மறு ஆய்வுக்கு உத்தரவிடலாம்’ என்று எழுதி அதிகாரி முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

“ஆர்டர் நீங்க எழுதினதுதானேம்மா?”

“ஆமா சார்.”

“உங்கள எதிர்த்து நீங்களே எழுதியிருக்கீங்க.”

“திங்கக்கிழமை எனக்கு அந்தக் கதவு தெரியாது சார். அவங்கதான் அப்ப இன்னும் சொல்லவே இல்லையே.”

“இன்னிக்கு இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. எட்டுக்கும் இப்படித்தான் எழுதப் போறீங்களா?”

“அவங்க பேசினாத்தானே சார் தெரியும்.”

அதிகாரி பக்க எண்ணைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ‘மறு ஆய்வு செய்க. முடியும் வரை பழைய உரிமம் தொடரலாம்’ என்று எழுதி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பை நீட்டினார்.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். செய்தியைக் கேட்டதும் காப்பகத்துக்காரம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மேடம், நீங்க நல்லா இருக்கணும். அந்தக் குழந்தைங்க சார்பா சொல்றேன்.”

அந்த நன்றி அவளைச் சுட்டது. எட்டாம் வகுப்புத் தேர்வில் பார்த்து எழுதிப் பரிசு வாங்கியபோதுகூட இப்படிக் கூசியதில்லை. சொல்லாமல் மேலே போய்விடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“உங்க மனுவ நிராகரிச்சு ஆர்டர் எழுதினது நான்தான்மா. திங்கக்கிழமையே எழுதிட்டேன்.”

அந்தம்மாவின் பிடி தளர்ந்தது. “நான் வந்து பேசறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமா.”

“நான் சொன்னத ஏத்துக்க முடியாதுன்னா?”

“அப்படித்தான்.”

“இதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு?”

பதினோரு வருடம், கணக்கு அவளுக்கே தெரியாது. காப்பகத்துக்காரம்மா புகைப்படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை.

“மறு ஆய்வுக்கு யார வேணா அனுப்புங்க. நீங்க மட்டும் வராதீங்க.”

முன்பே முடிவு கட்டியவர் அதே விஷயத்தை மறுபடி விசாரிக்கக் கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. “வர மாட்டேன்மா,” என்றாள் அவள். மேலே அடுத்த மனுதாரரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.