கோளாறு தெரிந்தவருக்கே சாவி

“வண்டிக்கு என்ன கோளாறு? மொதல்ல அதைச் சொல்லு.”

சாவியைத் தொலைத்துவிட்டு வருகிற எவரிடமும் சாவியக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். “கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, சாவிதான் இல்ல” என்பார். அக்கா அரத்தைத் தொடமாட்டார். “கோளாறே இல்லாத பழைய வண்டியா? அப்ப அது உன் வண்டி இல்ல, கிளம்பு” என்பார்.

என் நகலெடுக்கும் கடைக்கு நேர் எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஞ்சிய முக்கோண இடம்தான் அவருடைய தொழிற்சாலை. உள்ளே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு இரும்புப் பெட்டி, அதன்மேல் மெழுகுவத்தி, நாலைந்து அரங்கள், கம்பி வளையங்களில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். கண்ணில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. தலைமேல் இருப்பதைத் தேடுவதிலேயே அவருக்குப் பாதி நாள் போய்விடும். வெட்டாத சாவியை மெழுகுவத்திப் புகையில் கருக்கி, பூட்டுக்குள் விட்டு அசைத்து எடுப்பார். கரி உரசிப்போன இடங்களில் அராவுவார். மறுபடி கருக்குவார். பூட்டு முரண்டு பிடித்தால், “வாயைத் திறடா கண்ணு, பல்லைப் பாத்துட்டு விட்டுடறேன்” என்று கொஞ்சுவார். என் கடைச் சாவியை நான் மூன்று முறை தொலைத்திருக்கிறேன். ஆகவே இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சிரிப்பு வந்தால் மட்டும் அரத்தைக் கீழே வைத்துவிடுவார். முன்பு ஒருமுறை சிரித்துக்கொண்டே அராவி, சாவியின் பல் ஒன்று அடியோடு போய்விட்டதாம். அவருடைய சிரிப்பும் லேசுப்பட்டதல்ல. மாடியில் இருக்கும் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

கோளாறு கேட்கும் பழக்கத்துக்குக் காரணம் ஒரு தபால்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் ஒரு வண்டியோடு வந்து, கண்ணில் தண்ணீரோடு, “அம்மா ஆஸ்பத்திரியில” என்று நின்றான். அக்கா பத்தே நிமிஷத்தில் சாவி செய்து கொடுத்தார். அவனும் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அது அவன் தபால்காரரிடம் திருடிய வண்டி. அது திரும்பக் கிடைக்கும்வரை ஒன்பது நாள் அக்கா தன் ஸ்கூட்டரில் அந்த மனிதரைப் பின்னால் உட்காரவைத்துத் தெருத்தெருவாகக் கடிதம் போட்டார். “அழுகையை யாரு வேணா அழலாம். வண்டியோட கோளாறு ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்” என்பது அதற்குப் பிறகு வந்த சட்டம்.

அந்தச் சட்டத்துக்கே போன திங்கட்கிழமை காலையில் ஒரு சோதனை வந்தது.

ஒன்பதேகால் மணிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு முகம் வியர்வை. பெண்ணின் தோளில் சான்றிதழ்ப் பை. ஊருக்கு வெளியே இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குப் பரிசோதகர் வேலை கிடைத்திருக்கிறது. அன்றுதான் முதல் நாள். பத்தரைக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது, சொந்த வண்டி வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகவே முந்தின நாள் சாயங்காலம் இந்த வண்டியை வாங்கியிருக்கிறார்கள். இருந்ததோ ஒரே ஒரு சாவி.

“வேலைக்குச் சேரப் போறது நான். சாவியைத் தொலைச்சது இவரு” என்றாள் அவள்.

“பக்கத்து வீட்டுக்காரருக்கு டயரைக் காட்டலாம்னு குனிஞ்சேங்க்கா. சட்டைப் பையிலேருந்து நேரா சாக்கடைக்குப் போயிடுச்சு” என்றான் அவன்.

“சரி, வண்டிக்கு என்ன கோளாறு?”

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். “ஸ்பீடோமீட்டர் முள்ளு நாப்பதுலயே நிக்குதுக்கா.”

“அதை நானும் பாக்கறேன், திருடனும் பாப்பான். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லு.”

நேற்று வாங்கிய வண்டியின் கோளாறு இன்று எப்படித் தெரியும்? பதிவுப் புத்தகம் இன்னும் விற்றவர் பெயரில். கடையை அப்படியே போட்டுவிட்டு எதிரே போய் நின்றுகொண்டேன். “வித்தவருக்கு ஃபோன் போடுங்க” என்று யோசனை சொன்னவன் நான்தான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“கோளாறா? அந்த வண்டியிலயா? சார், அது தங்கம் சார்!”

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார், போதும்.”

“என்ன சார், வண்டியைத் திருப்பிக் குடுக்கப் பாக்கறீங்களா?”

“சத்தியமா திருப்பித் தரமாட்டேன் சார். தயவுசெஞ்சு ஒரு கோளாறு சொல்லுங்க!”

“இல்லாததை எப்படி சார் சொல்றது? என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

இப்படி ஒரு வியாபாரத்தை நான் கண்டதில்லை. வாங்கியவன் கோளாறு கேட்டுக் கெஞ்சுகிறான், விற்றவன் கற்புக்கரசன் மாதிரி மறுக்கிறான். மணி ஒன்பதரை. அந்தப் பெண் அழவில்லை. அழுகைக்கு இங்கே மதிப்பில்லை என்று புரிந்துகொண்டாளோ என்னவோ, பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஃபோனுக்குள் இன்னொரு குரல் கேட்டது. “யாரு, வண்டி வாங்கினவங்களா? இப்படிக் குடுங்க.” விற்றவருடைய மனைவி. “எட்டு வருஷம் பின்னாடி உக்காந்து இடுப்பு ஒடிஞ்சவ நான். என்னைக் கேளுங்க. சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. கிழிஞ்ச இடத்தைப் பச்சை நூல்ல தைச்சிருக்கேன்.”

அக்கா கையை விட்டார், பிறகு குனிந்து பார்த்தார். பச்சை நூல்.

“கிக்கரை மூணு தடவை மிதிச்சா ரெண்டு தடவை சும்மா போகும்.”

அக்கா மிதித்தார். இரண்டு தடவை சும்மா போனது.

“ஐயையோ, ஏண்டி மானத்தை வாங்கற!” என்று பின்னால் விற்றவர் அலறினார்.

“இருங்க, இன்னும் முடியல. பின்னாடி இடது பக்கம் கால் வைக்கற கம்பி ஆடும். சைக்கிள் டியூபை வெட்டி உள்ளுக்குள்ள சொருகியிருக்கோம்.”

ரப்பரைக் கழற்றினார் அக்கா. டியூப் இருந்தது.

“இவ்வளவு கோளாறோட எட்டு வருஷம் எப்படிம்மா சமாளிச்சே?” என்று அக்கா ஃபோனைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க வண்டியைத்தானே கேக்கறீங்க?” என்றது ஃபோன்.

அவ்வளவுதான். மாடியில் தையல்காரரின் தலை எட்டிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், அவள் கணவனும் சிரித்தான், நானும் எதற்கென்று தெரியாமல் கண்ணீர் வரச் சிரித்தேன்.

“கடைசியா ஒண்ணு. வேகத்தடையில ஏறினா ஹாரன் தானா அடிக்கும். ஓடும்போது மட்டும்தான். எத்தனை பேருகிட்ட வசவு வாங்கியிருக்கோம் தெரியுமா!”

அக்காவின் சிரிப்பு நின்றது. சொன்ன கோளாறு அத்தனையும் சரிபார்த்த பிறகே சாவி என்பது சட்டம். ஆனால் சாவி இல்லாமல் வண்டி ஓடாது. வண்டி ஓடாமல் ஹாரன் அடிக்காது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் பையைப் பார்த்தார். தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். மெழுகுவத்தி எரிந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு வண்டிப் பூட்டில் சாவி திரும்பியது. கூடவே இன்னொன்றும் வெட்டி, “இது உன்கிட்ட இருக்கட்டும். அவருகிட்டக் குடுத்துடாதே” என்று பெண்ணின் கையில் வைத்தார் அக்கா. அவள்தான் ஓட்டினாள். அவன் பின்னால் ஏறி, இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டான். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

அடுத்த ஆள் ஒரு அலமாரிப் பூட்டோடு காத்திருந்தார். அக்கா சாவியையும் அரத்தையும் எடுத்தார். ஆனால் அராவவில்லை. அரம் அந்தரத்தில் நின்றது. காது தெருமுனையில் இருக்கும் வேகத்தடைப் பக்கம் திரும்பியிருந்தது. பூட்டுக்காரர், “என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?” என்றார். “உஷ்” என்றார் அக்கா.

தெருமுனையிலிருந்து “பாம்” என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டது.

அக்கா அரத்தைக் கீழே வைத்தார்.