வெளிப்பக்கத்தைத் தொட வேண்டாம்

அந்த மணி முதன்முதலில் "டிங்" என்று அடித்தபோது கராச்சுக்குள் அப்பாவும் அந்தோனி மாமாவும் நானும் இருந்தோம். அம்மா இருக்கவில்லை, சனிக்கிழமைகளிலும் அவருக்குத் தையல் ஆலையில் வேலை. மணியின் சொந்தக்காரரான முசியே ரெமியும் இருக்கவில்லை, இருந்திருந்தால் அன்றைக்கே சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பார், எனக்கும் இதை எழுதவேண்டி வந்திராது. பித்தளைக் கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோல ஒரு சத்தம், பிறகு இன்னொன்று, ரயருக்குள் காற்று ஏற ஏற அடித்துக்கொண்டே போய், அப்பா திருகி வைத்த அளவு வந்ததும் தானாக நின்றது. "நிண்டுட்டுது," என்றார் அப்பா, யாரோ நித்திரையானதைச் சொல்வதுபோல மெதுவாக.

அது பெற்றோல் நிலையங்களில் ரயருக்குக் காற்றடிக்க ஒருகாலத்தில் நட்டு வைத்திருந்த கம்பம். ஆளுயரம், மங்கிய சிவப்பு, தலையில் மணிக்கூடு போல ஒரு வட்டக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு கைபிடி. வேண்டிய அளவைக் கைபிடியால் திருகிவிட்டு, குழாயை ரயரில் மாட்டினால், காற்றுப் போகும்வரை மணி அடிக்கும், அளவு வந்ததும் ஓயும். நாங்கள் அதற்கு "மணிக்காரன்" என்று பெயர் வைத்திருந்தோம். எங்களிடம் வந்தபோது மணிக்காரன் ஊமை. கைபிடி இறுகி, உள்ளே இருந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கிப்போயிருந்தது.

புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடங்கள் இருக்கும், எனக்குப் பதின்மூன்று வயது. பிரெஞ்சு பேசுகிற இந்தப் பனி ஊரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு "ஸ்ரோரில்", பெரிய சரக்குக் கிடங்கில், கொன்ரெய்னர் இறக்குகிற வேலை செய்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் சேர்ந்தவர், போரால் பெற்றோல் வராத காலத்தில் ஏ ஃபோர்ட்டிக் கார்களுக்கு நாலு துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். இங்கே அந்தக் கைக்கு வேலை பெட்டி தூக்குவதுதான். பனிக்காலம் முழுக்க ஸ்ரோரின் பெரிய கதவு திறந்தே கிடக்கும். கார்த்திகை பிறந்தால் அப்பாவின் விரல் நுனிகள் வெடித்துவிடும், கறியின் உறைப்புப் பட்டால் எரியும் என்று பங்குனி வரைக்கும் அவர் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் வேறு யாரும் கரண்டியால் சாப்பிடுவதில்லை.

ஒருநாள் இங்கிலாந்திலிருந்து வந்த கொன்ரெய்னர் ஒன்றுக்குள் ஒரு பழைய கார் இருந்தது. வாங்கியவர் வந்து எவ்வளவோ முயன்றும் அது கிளம்பவில்லை, பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிக்கின்றன, மேற்பார்வையாளர் கத்துகிறார். அப்பா கையுறையைக் கழற்றிப்போட்டு, ஒரு திருப்புளி வாங்கி, காபரேற்றரில் ஏதோ ஒன்றைக் கழற்றி, வாயால் ஊதி, திரும்பப் பூட்டினாராம். கார் கிளம்பியது. அன்று இரவுச் சாப்பாட்டில் இந்தக் கதையை நாலு தரம் கேட்டோம்.

அந்தக் காரின் சொந்தக்காரர்தான் முசியே ரெமி, முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பழைய கார்களோடு, அந்தக் காலத்துக் கராச் சாமான்களையும் சேர்த்து வைத்திருந்தார்: கார் தூக்குகிற ஜக்குகள், கிறீஸ் அடிக்கிற வண்டி, பிளக் துப்பரவாக்குகிற பெட்டி, இன்னும் என்னென்னவோ. அவருடைய பட்டறை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்ததை அப்பா நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். முதலில் இந்தக் காற்றுக் கம்பத்தைத் திருத்தித் தரட்டும், சரிவந்தால் மற்றப் பன்னிரண்டு சாமானையும் தருகிறேன், அது முடிய இங்கேயே நிரந்தர வேலை என்றார் முசியே. பட்டறையின் சீமெந்து நிலத்துக்கு அடியில் சூடாக்கிக் குழாய் ஓடியது. அப்பா குனிந்து உள்ளங்கையை அந்த நிலத்தில் வைத்துப் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

முசியேயின் பிரெஞ்சை அப்பாவுக்குத் தமிழாக்கியது நான். பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதியும் வைத்தேன்: உள்ளே எல்லாம் வேலை செய்யவேண்டும். வெளிப்பக்கத்தைத் தொட வேண்டாம். இரண்டாவதை அவர் இரண்டு தரம் சொன்னார், நானும் கீழே கோடு போட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஓடிய சந்தில், பின்லேனில், வாடகைக்கு எடுத்திருந்த கராச்சில் மூன்று கிழமை வேலை நடந்தது. அந்தோனி மாமா, அப்பாவோடு ஸ்ரோரில் வேலை செய்த மன்னார்க்காரர், தன்னுடைய கொம்பிரசரைக் கொண்டுவந்து தந்தார். அப்பா இறுகிய கைபிடிக்கு ஒவ்வொரு நாளும் எண்ணெய் விட்டு, ஒரு நெல்லளவு ஒரு நெல்லளவாக அசைத்துக் கொடுத்தார். நொறுங்கிய ரப்பருக்கு அளவெடுத்து, லொறி ரியூப்பில் புதியது வெட்டினார். மணி அடித்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தோனி மாமாதான் முதலில் வாய் திறந்தார். "அண்ணை, உதை உப்பிடியே குடுக்கப் போறியளோ? கிணத்துக்குள்ள கிடந்து எடுத்த வாளி மாதிரிக் கிடக்கு."

"குடுக்கிறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்," என்றார் அப்பா.

"அப்பா, அவர் வெளியைத் தொட வேண்டாமெண்டு சொன்னவர்," என்று நான் கொப்பியைக் காட்டினேன்.

"அது மரியாதைக்குச் சொல்லுறதடா தம்பி. எனக்குக் கரைச்சல் தரக்கூடாதெண்டு. நீ ஒரு வீட்டை போனால், தேத்தண்ணி வேண்டாமெண்டுதானே சொல்லுவாய்? அதுக்காக அவை போடாமல் விடுவினமோ?"

"ரெண்டு தரம் சொன்னவர்."

"அப்ப நல்ல மனுசன்," என்றார் அந்தோனி மாமா. "ஒருக்காச் சொன்னால் வாய்க்கு, ரெண்டு தரம் சொன்னால் மனசுக்கு. கட்டாயம் அடிக்கத்தான் வேணும்."

எனக்கு மற்றக் கணக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பிறந்தநாளுக்குக் கேக் தட்டு என்னிடம் வந்தபோது, வீட்டில் பழக்கியபடி "நோ, மெர்சி" என்றேன். தட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டது, திரும்பி வரவேயில்லை. இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதை அப்பாவிடம் சொல்லாமல் விட்டேன், ஏனென்றால் பெயின்ற் ரின்னை அவர் என் கையில் தந்து, கம்பத்தில் மங்கிக் கிடந்த எழுத்தை, படித்தவன்தான் திரும்ப எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு சிவப்பை நான் அதற்கு முன் கையில் வைத்திருந்ததில்லை.

பழைய பெயின்றைச் சுரண்டினோம். சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தோம். கைபிடிக்கு மேலே, உள்ளங்கையளவு இடத்தில் பெயின்ற் முழுதாகத் தேய்ந்து இரும்பு வெள்ளியாக மினுங்கியது. அப்பா அதற்குப் பட்டி பூசி, விரலால் தடவித் தடவி, குழி தெரியாமல் மட்டமாக்கினார். மூன்று பூச்சு அடித்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளை எழுத்து எழுதினேன். கொண்டுபோகிற அன்று அப்பா கம்பத்தின் தலைக்கு விபூதி பூசினார். "அண்ணை, விபூதிக்குக் காத்துக் கூட வருமோ?" என்று அந்தோனி மாமா கேட்க, "உன்ர கொம்பிரசருக்குச் சேர்ச்சுத் தீர்த்தம் தெளிச்சனியெல்லே, வாயை மூடு," என்றார் அப்பா. அவ்வளவு இலேசாக அவர் பகிடி விட்டு நான் கேட்டது குறைவு.

முசியே ரெமி பட்டறை வாசலுக்கு வந்தார். கம்பத்தை ஏற்றி வந்த வானின் கதவைத் திறந்தோம். அவர் வலது கையை நீட்டி, கைபிடிக்கு மேலே, அந்தப் பட்டி பூசிய இடத்தில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்பா ஒரு பழைய ரயரில் காற்றடித்துக் காட்டினார், மணி அடித்தது, முசியேயின் முகம் ஒருகணம் சின்னப் பிள்ளையின் முகமாகி, மணி நின்றதும் அதுவும் போய்விட்டது. அழகாக இருக்கிறது என்றார். பேசிய கூலியைத் தந்தார். பெயின்றுக்கு எவ்வளவு முடிந்தது என்று என்னிடம் கேட்டு, அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட அதையும் தந்தார்.

"கேளாமலே பெயின்றுக் காசும் தந்தவரெண்டால் பாரன்," என்றார் அப்பா திரும்பி வரும்போது. கோயிலடியில் வானை நிறுத்தச் சொல்லி ஒரு தேங்காய் உடைத்தார். நான் பின்சீற்றில் இருந்து இறங்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க ரெலிபோன் அடித்தால் அப்பா கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். ஸ்ரோரில் போடுகிற பனிச் சப்பாத்து அடி கிழிந்திருந்தது, "பேந்து தேவைப்படாது," என்று புதியது வாங்காமல் விட்டார். அதைக் கேட்டபிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் முசியேக்கு நானே போன் எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகக் கதைத்தார். உள்ளே செய்த வேலையை வேறு யாராலும் செய்திருக்க முடியாது என்றார். அந்தக் கம்பம் அவருடைய தகப்பன் வைத்திருந்த பெற்றோல் நிலையத்தில் நின்றது. கைபிடிக்கு மேலே இரும்பு தெரிந்த இடம், கார்க்காரரோடு கதைத்தபடி அவருடைய தகப்பன் முப்பது வருடம் கை ஊன்றி நின்ற இடம். "நான் இரண்டு தரம் சொன்னேனே," என்றார். மற்றச் சாமான்களை வேறொருவரிடம் கொடுத்தாகிவிட்டது.

மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, புட்டுச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "அப்ப அந்தாள் சொன்னது, சொன்னதுதானோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"உனக்கு அப்பவே தெரியுமோ?"

நான் என் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த புட்டை விரலால் பிசைந்தேன். அம்மா புட்டு நீட்ட, அப்பா "காணும்" என்று கையால் மறைத்தார். அம்மா கையை விலக்கி இன்னுமொரு அகப்பை போட்டார்.

ஐப்பசியில் அப்பா புதுச் சப்பாத்து வாங்கினார். எனக்குத் தெரிந்திருந்ததைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. என்னைப் படிக்கவைத்தார், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், பட்டமளிப்புக்கு அவர் இரவு வேலை முடித்து நேரே வந்து, கதிரையில் நித்திரையாகிப்போனார். பின்லேனில் இருந்த கராச்சுகளை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். மூலைப் பெற்றோல் நிலையத்தில் காற்றுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி நிற்கிறது, அட்டையைக் காட்டினால் இலக்கம் ஓடும், சத்தம் இல்லை. முசியே ரெமியின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறு பெயர்ப்பலகை. முதுகு விட்டுப்போய் அப்பா இந்த வருடம்தான் வீட்டில் நின்றுகொண்டார். விரல்கள் ஆறிவிட்டன, ஆனாலும் பழகிப்போனதில் ஆடி மாதத்திலும் கரண்டியால்தான் சாப்பிடுகிறார். பெயின்றுக் காசை முசியே அன்றைக்கே தந்துவிட்டபடியால், அந்தச் சிவப்புக்காக எங்கள் கையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. எங்களுக்குச் செலவானது, ஸ்ரோரின் திறந்த கதவடியில் அப்பா நின்ற பதினொரு பனிக்காலம்.