நூற்றிருபது வருசத்து எச்சில்

பாலேஸ்வரிக்கு உலகத்தில் எதைப் பொறுத்தாலும் எச்சிலைப் பொறுக்க முடியாது. தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகியவள். கல்யாணமான புதிதில் புருஷன் சச்சிதானந்தன் ஆசையாகக் கடித்து நீட்டிய மாம்பழத்தை அவள் வாங்க மறுத்ததில், மனுசன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவளுக்கு வேலை எங்கே கிடைத்தது என்று பாருங்கள்.

மில்லிக்கன் பக்கத்தில், புது வீடுகளுக்கும் பிளாசாவுக்கும் நடுவே ஒரு செங்கல் பள்ளிக்கூடம் நின்றது. ஒரே அறை. காடு வெட்டிக் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியது. எட்டு வகுப்பும், ஒரு வாத்தியாரம்மாவும், ஒரு விறகடுப்பும் அந்த அறைக்குள்ளேயே அடங்கியிருந்ததாம். இப்போது அது மியூசியம். நகரத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, பழங்காலத் தொப்பியும் மேலங்கியும் மாட்டி, ஒரு நாள் முழுக்க அந்தக் காலத்துப் பிள்ளைகளாக நடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு கூட்டித் துடைப்பது பாலேஸ்வரி.

தொண்ணூற்றொன்றில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி, இந்தக் குளிர் தேசத்துக்குத் தனியாக அகதியாய் வந்தவள். வெக்ஸ்போர்ட்டில் பெட்டி அடுக்கிய பக்டறி பூட்டுப்பட, பக்கத்து அப்பார்ட்மென்ற் மங்கையற்கரசிதான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தாள். சச்சிதானந்தன் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார். பொலிஸ் இரண்டு தடவை பிடித்துக்கொண்டுபோய், பிறகு வெளியில் விட்டிருந்தது. அவரை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் பைலில் வைக்க ஒரு வேலைக் கடிதம் கொண்டு வா என்று லோயர் சொல்லி இரண்டு மாதம். மியூசியம் மனேஜர் கிறெக், "அடுத்த கிழமை" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதத்தையும் தின்றுவிட்டான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குமட்டாத நாளே இல்லை. பிள்ளைகள் சிலேட்டில் துப்பி, சட்டைக் கையால் துடைப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். கலைமகள் குடியிருக்கிற சாமான் என்று அவள் நினைத்த ஒன்றில் காறித் துப்பச் சொல்லிக் கொடுத்தான் கிறெக். அதைக்கூடப் பொறுத்தாள். அகப்பையைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாசலில் ஒரு தண்ணீர் வாளி. அதற்குள் நீண்ட பிடி வைத்த செப்பு அகப்பை ஒன்று, அடுப்புக்கரி போலக் கறுத்துக் கிடந்தது. "நூற்றிருபது வருடங்களாகப் பிள்ளைகள் எல்லோரும் இந்த ஒரே அகப்பையில்தான் குடித்தார்கள். இந்தக் கறுப்புத்தான் சரித்திரம்" என்று கிறெக் தினமும் பிரசங்கம் வைப்பான். பிள்ளைகள் முண்டியடித்து ஒருவர் பின் ஒருவராய் வாய் வைப்பார்கள். மூக்கு ஒழுகுகிறதும் வைக்கும், அதற்கு அடுத்ததும் வைக்கும். மிச்சத் தண்ணீர் திரும்ப வாளிக்குள் போகும்.

"சீ, நாயும் உப்பிடிக் குடியாது" என்றாள் பாலேஸ்வரி, மங்கையற்கரசியிடம்.

"எடி, அவங்கட பிள்ளையள், அவங்கட எச்சில். உனக்கென்ன? கடிதம் கைக்கு வருமட்டும் வாயை மூடிக்கொண்டிரு."

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். கை சும்மா இருக்கவில்லை. தொண்ணூற்றாறு மே மாதம், பள்ளிக்கூடத்தின் நூற்றிருபதாம் ஆண்டு விழா வந்தது. விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வீட்டில் குத்துவிளக்கு மினுக்க ஊறவைத்த புளியில் ஒரு பிடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். விழா என்றால் செம்பு பளபளக்க வேண்டாமா, பார்த்தால் கிறெக் குளிர்ந்துபோவான் என்று நம்பினாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து ஓடியது. பிடியின் அடிப்பக்கத்தில் பொறித்த எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக்கூட்டி வாசித்தாள். "மேட் இன் கொரியா."

கிறெக் வந்து பார்த்தான். அவள் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. அவன் கத்தவில்லை, முகம் வெளிறிப்போய்க் கதவைச் சாத்தினான். உண்மையான அகப்பை எட்டு வருடத்துக்கு முன், கூரை திருத்தியபோது தொலைந்துபோனதாம். இதைப் பழைய சாமான் சந்தையில் வாங்கி, அடுப்புப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி வைத்ததாம். "ஒருவருக்கும் சொல்லாதே. விழா முடியட்டும், உன் கடிதத்தைத் தருகிறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இவ்வளவு எச்சிலும் ஒரு பொய்யின் மேலா? தூ என்று அவன் முகத்தில் துப்பத் தோன்றியது. லொட்ஜில் கிடக்கிற மனுசனை நினைத்து, "ஓகே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு மிஸ்ஸிஸ் ஹாப்கின்ஸ் வந்தார். வயது எண்பத்தெட்டு, கண் பார்வை மங்கிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடம் திறந்தபோது முதன்முதலாய்ச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் அவருடைய அம்மம்மா. அகப்பையைக் கொடுத்தது அந்தக் குடும்பம். அகப்பையைத் துலக்கியது யார் என்று அவர் கேட்க, கிறெக் பாலேஸ்வரியை முன்னுக்குத் தள்ளினான்.

கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் அம்மம்மா ஏழு வயதில் ஆணியால் பிடியில் தன் பெயரெழுத்தைக் கீறினாராம். கறுப்புக்குள் இத்தனை வருடமும் எனக்கு அகப்படவில்லை. கழுவியது நீ. எழுத்து இருந்ததா, பிள்ளை?"

கிறெக் கோட்டுப் பையில் இருந்த கடிதக் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பாலேஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, "யெஸ், மடம்" என்றாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். கிழவியின் விரலைத் தானே பிடித்து, கொரியாவின் மேல் கொண்டுபோய் வைத்தாள். விரல் தடவித் தடவி நின்றது. கிழவியின் கண் கலங்கியது. அகப்பையை எடுத்து முத்தமிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் பின்னறையில் கிறெக் கவரை நீட்டினான். "நீ கெட்டிக்காரி. நீயும் நானும் ஒரே மாதிரி" என்று தோளில் தட்டினான்.

அவன்மேல் வந்த அருவருப்பு அவனோடு நிற்கவில்லை; கிழவியின் விரலைப் பிடித்த தன் கையிலும் ஒட்டியது. பாலேஸ்வரி கவரை இரண்டு கையாலும் வாங்கினாள். நன்றியும் சொன்னாள்.